பள்ளியைப் பூட்டிய ஊர்: பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி வழக்கு, 1951–1964

1959 ஜூன் மாதம், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியை (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு, பள்ளிகளுக்காக வழக்கமாக விதிக்கும் வரியை அந்த வருடம் விதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. பள்ளிக்கென்று ஒரு டாலரும் ஒதுக்கவில்லை. பணம் இல்லாததால் பள்ளியும் இல்லை. அந்தச் செப்டம்பரில் கவுண்டியின் அரசுப் பள்ளிகள் அத்தனையும் பூட்டிக் கிடந்தன. அவை மறுபடி திறந்தது 1964 செப்டம்பரில்.

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்பைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். கான்சாஸ் மாநிலத்து வழக்கின் பெயரில் அது வந்தாலும், பல ஊர் வழக்குகள் சேர்ந்த தொகுப்பு அது. தென் கரோலினா, டெலவேர் வழக்குகளோடு பிரின்ஸ் எட்வர்ட் வழக்கும் அதில் இருந்தது. அதாவது, உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற ஊரிலேயே ஐந்து வருடம் அரசுப் பள்ளி இல்லை. இது எப்படி நடந்தது, சட்டம் அதற்கு எப்படி இடம் கொடுத்தது, கடைசியில் எந்த வழியில் அது முறிக்கப்பட்டது என்பதே இங்கே விஷயம்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். 1954 தீர்ப்பு சொன்னது சரி. அதை எப்போது நிறைவேற்ற வேண்டும் என்று தேதி வைக்காமல் விட்டது பெரும் தவறு. நிலத் தகராறில் பத்து வருடம் தாமதமானாலும் நிலம் அங்கேயே இருக்கும். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய படிப்பு அப்படிக் காத்திருக்காது.

வேலைநிறுத்தம் செய்த மாணவர்கள்

பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி வர்ஜீனியாவின் தென்பகுதியில், புகையிலை விளையும் நாட்டுப்புறத்தில் இருக்கிறது. தலைமையிடம் ஃபார்ம்வில். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று இருந்தது ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 1939இல் 180 பேருக்காகக் கட்டியது. 1951 வாக்கில் அதில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் கிடையாது, உணவுக்கூடம் கிடையாது. இடம் போதாமல், தார் பூசிய தாள் போர்த்திய மரக் கொட்டகைகளை வெளியே போட்டு அவற்றில் வகுப்பு நடத்தினார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வேர்க்கும், தள்ளி உட்கார்ந்தவர்கள் கோட்டைக் கழற்ற முடியாது. அதே ஊரில் வெள்ளையர் பள்ளிக்கு இந்தக் குறை எதுவும் இல்லை. பெற்றோர்கள் கல்விக் குழுவிடம் பலமுறை முறையிட்டுப் பார்த்தார்கள். பேச்சு நீண்டதே தவிர, புதுக் கட்டடம் வரவில்லை.

1951 ஏப்ரல் 23. பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவியும் அவள் ரகசியமாகச் சேர்த்த சில தோழர்களும் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். நம் பள்ளி மாணவர்கள் சிலர் பேருந்து நிலையத்தில் வம்பில் மாட்டிக்கொண்டார்கள் என்று தலைமையாசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனது. அவர் பதறிக்கொண்டு கிளம்பினார். அந்த நேரத்தில் எல்லா வகுப்புகளையும் அரங்குக்கு அழைத்தார்கள். திரை விலகியபோது மேடையில் பார்பரா நின்றாள். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னார்கள். அப்புறம் மொத்தப் பள்ளியும் நடந்து வெளியேறியது.

தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸை ஏமாற்றி அனுப்பியதற்குக் காரணம் உண்டு. அவருக்குத் தெரிந்து நடந்தது என்று வந்துவிட்டால் அவர் வேலை போய்விடும். அவரைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய். அப்படியும் அடுத்த வருடத்துக்கு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

மாணவர்கள் முதலில் கேட்டது புதுப் பள்ளிக் கட்டடம் மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்று அவர்கள் தொடங்கவில்லை. கறுப்பின மக்களுக்காக வழக்காடிவந்த என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தின் ரிச்மண்ட் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவருக்கும் மாணவர்கள் கடிதம் எழுதினார்கள். இருவரும் இரண்டு நாள் கழித்து பாதிரியார் பிரான்சிஸ் கிரிஃபினின் தேவாலயத்தில் அவர்களைச் சந்தித்தார்கள். பள்ளிக்குத் திரும்பச் சொல்லும் எண்ணத்தோடுதான் வந்தார்கள். பிள்ளைகளின் உறுதியைப் பார்த்து மனம் மாறியது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இனிமேல் "சமமான தனிப் பள்ளி" கேட்டு வழக்குப் போட மாட்டோம், பிரிவினையையே எதிர்ப்பதாக இருந்தால், அதற்குப் பெற்றோர்கள் சம்மதித்தால், வருகிறோம். சம்மதித்தார்கள். மே 23 அன்று 117 மாணவர்கள் சார்பில் வழக்கு பதிவானது. முதல் பெயர் ஒன்பதாம் வகுப்பு மாணவி டோரதி டேவிஸுடையது என்பதால் டேவிஸ் வழக்கு என்று பெயர் வந்தது. பிரவுன் தொகுப்பில் மாணவர்களே தொடங்கிய வழக்கு இது ஒன்றுதான்.

பார்பராவின் பாதுகாப்புக்கு அஞ்சி, குடும்பத்தார் அவளை அலபாமாவின் மாண்ட்கமரியில் இருந்த அவள் தந்தையின் சகோதரர் வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்தின் போதகர் அவர். அவருக்கு அடுத்து அந்தப் பொறுப்புக்கு வந்தவர் மார்ட்டின் லூதர் கிங்.

வென்றபின் நடந்த இழுத்தடிப்பு

ரிச்மண்டில் மூன்று கூட்டாட்சி நீதிபதிகள் 1952 பிப்ரவரியில் வழக்கை விசாரித்தார்கள். மோட்டன் பள்ளி சமமாக இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள், கட்டடத்தைச் சரிசெய்யச் சொன்னார்கள். ஆனால் பிரிவினையால் எந்த இனத்துக்கும் தீங்கில்லை என்று மார்ச் 7 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கவுண்டி நிர்வாகமும் சுறுசுறுப்பானது. அத்தனை வருடம் காசில்லை என்றவர்கள், சுமார் 8 லட்சம் டாலர் செலவில் புது மோட்டன் பள்ளியைக் கட்டி 1953இல் திறந்தார்கள். மாணவர்கள் முதலில் கேட்டது கிடைத்துவிட்டது. வழக்கு மட்டும் நிற்கவில்லை.

1954இல் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒரே குரலில் பிரிவினை செல்லாது என்றது. அதை எப்படி நிறைவேற்றுவது என்பதைத் தனியாக விசாரித்து 1955 மே 31 அன்று இரண்டாவது தீர்ப்பு தந்தது. அதில் காலக்கெடு இல்லை. நிதானமான வேகத்தில் செய்யுங்கள் என்று பொதுவாகச் சொல்லி, மேற்பார்வையை உள்ளூர் கூட்டாட்சி நீதிபதிகளிடம் விட்டது. பிரின்ஸ் எட்வர்டைப் பொறுத்தவரை அந்த நீதிபதி யார்? 1952இல் பிரிவினையில் தீங்கில்லை என்று சொன்ன மூவரில் ஒருவரான ஸ்டெர்லிங் ஹட்சிசன்.

அவர் தேதி வைக்க மறுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் வற்புறுத்திய பிறகு, 1958 ஆகஸ்டில் ஒரு கெடு கொடுத்தார்: 1965. வழக்குப் போட்ட 1951இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை 1963இல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடும். அந்தக் கெடுவின்படி, வழக்கு தொடங்கியபோது பள்ளியில் இருந்த ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளைக்கும் பயன் இல்லை. நீதிமன்ற ஆவணத்தில் அது வெறும் ஒரு தேதி. எனக்கு இந்த வழக்கு முழுவதிலும் மிகக் கொடுமையாகப் படுவது அந்த ஒரு தேதிதான்.

இதற்கிடையே மாநில அரசியல் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. வர்ஜீனியாவின் அரசியலையே கைக்குள் வைத்திருந்த செனட்டர் ஹாரி பேர்ட், பிரவுன் தீர்ப்புக்கு எதிராக "பெரும் எதிர்ப்பு" என்ற அறைகூவலை 1956இல் விடுத்தார். எந்தப் பள்ளியாவது இரு இனத்தாரையும் சேர்த்தால் அந்தப் பள்ளியை மூடிவிடும் சட்டங்களை மாநிலச் சட்டமன்றம் கொண்டுவந்தது. 1958இல் நார்ஃபோக், சார்லட்ஸ்வில், வாரன் கவுண்டி ஆகிய இடங்களில் ஆளுநர் லிண்ட்சே ஆல்மண்ட் பள்ளிகளை உண்மையிலேயே மூடினார். 1959 ஜனவரி 19 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் ஒரு கூட்டாட்சி நீதிமன்றமும் ஒரே நாளில் அந்தச் சட்டங்களை ரத்து செய்தன. பிப்ரவரியில் நார்ஃபோக்கிலும் ஆர்லிங்டனிலும் கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிகளுக்குள் நுழைந்தார்கள்.

பலரும் "பெரும் எதிர்ப்பு" அன்றோடு முடிந்தது என்று எழுதுவார்கள். பிரின்ஸ் எட்வர்டில் அது அப்போதுதான் தொடங்கியது. மாநிலம் செய்ய முடியாததைக் கவுண்டிகள் செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாட்டைச் சட்டமன்றம் அந்த வசந்தத்தில் கொண்டுவந்தது. கட்டாய வருகைச் சட்டத்தை நீக்கி, வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த ஊரின் விருப்பத்துக்கு விட்டது. தனியார் பள்ளியில் படிக்கக் கட்டண மானியம் தந்தது. பிரின்ஸ் எட்வர்டிலோ ஆயத்தம் முன்பே நடந்திருந்தது. 1956லேயே 4,000க்கும் மேற்பட்ட வெள்ளையர்கள், கலப்புப் பள்ளி நடத்துவதைவிட அரசுப் பள்ளிகளையே கைவிடத் தயார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மேற்பார்வையாளர் குழு பள்ளிப் பணத்தை மாதாமாதம் மட்டும் விடுவித்து, எந்த நேரமும் நிறுத்திவிட வசதியாக வைத்திருந்தது. 1959 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1965 என்ற கெடுவைத் தள்ளிவிட்டு, வரும் செப்டம்பரிலேயே கறுப்பின மாணவர்களைச் சேர்க்கச் சொன்னது. ஜூனில் வரி நின்றது.

பூட்டிய வருடங்கள்

வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே ஒரு தனியார் பள்ளி அமைப்பு தயாரானது. தேவாலயங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் வகுப்புகள் தொடங்கின. முதல் வருடம் நன்கொடையில் ஓடியது. இரண்டாம் வருடத்திலிருந்து பொதுப்பணம் வந்தது: மாநிலமும் கவுண்டியும் தந்த மானியம் சேர்த்து, தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வருடத்துக்கு 225 டாலர், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 250 டாலர். அந்தப் பள்ளிக்கு நன்கொடை கொடுத்தால் சொத்து வரியிலும் கழிவு உண்டு. அரசுப் பள்ளிக்கு வரி வாங்க மாட்டோம் என்ற அதே குழுதான் இதையும் செய்தது.

சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. மானியப் பள்ளிக்குப் போக வசதியில்லாத சில ஏழை வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களோடு விடுபட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஒரு தனியார் பள்ளி அமைத்துத் தருவதாக வெள்ளையர் தரப்பிலிருந்து பேச்சு வந்தது. கறுப்பினச் சமூகம் அதை ஏற்கவில்லை. இதை இன்று படிக்கிறவர்களுக்கு ஒரு தயக்கம் வரலாம்: பிள்ளைகள் படிப்பை இழக்கும்போது கொள்கை பேச வேண்டுமா? அந்தப் பள்ளியை ஏற்றிருந்தால் பிரிவினை தனியார் பெயரில் நிலைத்திருக்கும், நீதிமன்றத்தில் கேட்க எதுவும் மிஞ்சியிருக்காது. அவர்கள் மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். அந்த முடிவின் விலையைக் கொடுத்தது பிள்ளைகள் என்பதும் உண்மை. அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் மேற்பார்வையாளர் குழுவினர்; பழி அங்கேதான் போக வேண்டும்.

பெற்றோர்கள் கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். பக்கத்துக் கவுண்டியில் உறவினர் இருந்தால் அங்கே அனுப்பினார்கள். உயர்வகுப்பு மாணவர்கள் சிலரை வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரி சேர்த்துக்கொண்டது. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் சேவை அமைப்பு இன்னும் சிலருக்கு வட மாநிலங்களில் தங்கிப் படிக்க வீடுகள் பார்த்துக் கொடுத்தது. ஊரில் தேவாலயங்களில் பயிற்சி மையங்கள் நடந்தன. பாதிரியார் கிரிஃபினே, அது பள்ளிக்கு மாற்று அல்ல என்று தெளிவாகச் சொல்லிவைத்திருந்தார். பலருக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. வயலில் வேலைக்குப் போனவர்கள் பலர், பெரியவர்களானபின் பள்ளிப் பக்கம் திரும்பவே இல்லை.

1963 மார்ச்சில் கூட்டாட்சி அரசின் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடி லூயிவில் நகரில் பேசும்போது, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவைத் தவிர்த்து, இலவசப் பொதுக்கல்வி தராத இடங்கள் என்று ஒரு சிறு பட்டியல் சொன்னார்: கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், அப்புறம் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி. அந்தச் செப்டம்பர் 16 அன்று, கென்னடி அரசின் முயற்சியாலும் தனியார் நன்கொடையாலும் "இலவசப் பள்ளிகள்" ஒரு வருடத்துக்குத் திறந்தன. 1,500க்கும் மேல் பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். வயதை வைத்து வகுப்புப் பிரிக்க முடியவில்லை. பத்து வயதாகியும் பள்ளியையே பார்க்காத பிள்ளைகள் இருந்ததால், யாருக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்துக் குழுவாகப் பிரித்தார்கள்.

கவுண்டியின் வாதமும் உச்ச நீதிமன்றத்தின் பதிலும்

கவுண்டியின் சட்ட வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. பள்ளி நடத்தியே ஆக வேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்பு எந்த மாநிலத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. நாங்கள் கறுப்பினத்தாருக்கு ஒரு பள்ளியும் வெள்ளையருக்கு ஒரு பள்ளியும் நடத்தவில்லை, யாருக்குமே நடத்தவில்லை. இதில் பாகுபாடு எங்கே? வெள்ளையர் நடத்துவது தனியார் பள்ளி. அதில் அரசமைப்புக்கு வேலை இல்லை. வரி போடுவதும் போடாததும் மக்கள் தேர்ந்தெடுத்த குழுவின் முடிவு.

வர்ஜீனியாவின் உச்ச நீதிமன்றம் 1963 டிசம்பரில் இதை ஏற்றது. அதற்கு முன்பே, 1962இல், கூட்டாட்சி நீதிபதி ஓரன் லூயிஸ் இந்த மூடல் செல்லாது என்று கண்டிருந்தார். ஆனால் மாநில நீதிமன்றம் முதலில் சொல்லட்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் கையைக் கட்டிவிட்டது. இந்தக் "கொஞ்சம் பொறுங்கள்" ஒவ்வொன்றும் ஒரு கல்வியாண்டைத் தின்றது.

உச்ச நீதிமன்றம் வழக்கை விரைவாக எடுத்து, 1964 மார்ச் 30 அன்று விசாரித்து, மே 25 அன்று தீர்ப்பளித்தது. பாதிரியார் கிரிஃபின் குடும்பத்தின் பெயரில் அது கிரிஃபின் வழக்கு. எழுதியவர் அலபாமாவைச் சேர்ந்த நீதிபதி ஹியூகோ பிளாக். அவர் பதில் மூன்று இடத்தில் அடித்தது. வர்ஜீனியாவில் வேறெங்கும் பள்ளி இருக்க, இந்தக் கவுண்டியில் மட்டும் இல்லை. மூடிய பள்ளிக்குப் பதிலாக வந்த தனியார் பள்ளி பொதுப்பணத்தில் நிற்கிறது. மூடியதற்கு ஒரே காரணம் இனம். ஒரு கவுண்டி பள்ளிகளைக் கைவிட வேறு நியாயமான காரணங்கள் இருக்கலாம், இனமும் கலப்பை எதிர்ப்பதும் அவற்றில் சேராது என்றார். நிதானமான வேகத்துக்கான காலம் முடிந்துவிட்டது என்றும் எழுதினார். 1955இல் தேதி வைக்காத நீதிமன்றத்தில் பிளாக்கும் இருந்தார்; ஒன்பது வருடம் கழித்து அந்தத் தேதி அவர் கையாலேயே வந்தது.

ஆனால் இந்தத் தீர்ப்பின் உண்மையான வலிமை பரிகாரத்தில் இருக்கிறது. பள்ளிகள் மூடியிருக்கும்வரை மானியமும் வரிக்கழிவும் தரக்கூடாது. தேவைப்பட்டால், பள்ளி நடத்தப் பணம் திரட்ட வரி விதிக்கும்படி மேற்பார்வையாளர் குழுவுக்குக் கீழ் நீதிமன்றம் உத்தரவிடலாம். மக்கள் தேர்ந்தெடுத்த குழுவை நீதிபதி வரி போடச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. பள்ளிகளைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு இல்லை என்று கிளார்க், ஹார்லன் என்ற இரு நீதிபதிகள் அந்த ஒரு இடத்தில் உடன்படவில்லை. அவர்களுடைய கவலை புரிகிறது. என்றாலும், வரியை நிறுத்தித்தான் உரிமையைப் பறித்தார்கள் என்றால், வரியைத் தொடாத பரிகாரம் வெறும் காகிதம்.

அப்போதும் குழு அடங்கவில்லை. பள்ளிகளுக்கு ஒதுக்கியதைவிட மானியங்களுக்கு அதிகம் ஒதுக்கியது. 1964 ஆகஸ்டில், நீதிமன்றத் தடை வந்துவிடும் என்று தெரிந்து, இரவோடு இரவாகக் காசோலைகளை எழுதி வெள்ளைப் பெற்றோர்களுக்குக் கொடுத்தது. விடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 டாலர் பட்டுவாடா. 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்த்தது. 1964 செப்டம்பரில் திறந்த அரசுப் பள்ளிகளில் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள்தான். வெள்ளையர் பள்ளி 1980களில்தான் கறுப்பின மாணவரைச் சேர்த்தது.

இழந்தவர்களுக்கு ஈடு என்று ஏதாவது உண்டா? 2003இல் கவுண்டி அவர்களுக்குக் கௌரவப் பட்டயம் கொடுத்தது, மாநிலச் சட்டமன்றம் வருத்தம் தெரிவித்தது. 2004இல் படிப்பைத் தொடர உதவித்தொகைத் திட்டம் வந்தது. 1959இல் ஆறு வயதாக இருந்தவருக்கு அப்போது ஐம்பத்தொன்று.

சட்டத்தில் இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் போனது என்று பார்த்தால் எனக்கு நிம்மதி வரவில்லை. 1960களின் தொடக்கத்தில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம், இனக் கலப்பைத் தவிர்க்கப் பொது நீச்சல் குளங்களை மூடியது. அது செல்லும் என்று 1971இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் சொன்னது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் அதே ஹியூகோ பிளாக்தான். பிரின்ஸ் எட்வர்டில் பொதுப்பணத்தில் தனியார் பள்ளி நடந்தது, இங்கே அப்படி இல்லை என்று வேறுபாடு காட்டினார். அதாவது, யாருக்கும் எதுவும் தராமல் சுத்தமாக மூடியிருந்தால்? கிரிஃபின் தீர்ப்பில் அதற்கு உறுதியான பதில் இல்லை. 1973இல் டெக்சாஸ் பள்ளி நிதி வழக்கில், கல்வி அமெரிக்க அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுபக்கம், 1990இல் மிசௌரி வழக்கில், உரிமையை நிறைவேற்ற உள்ளூர் அமைப்பை வரி விதிக்கச் சொல்லலாம் என்பதற்கு கிரிஃபின் தீர்ப்பே கைகொடுத்தது.

அந்த ஓட்டையை வர்ஜீனியா தன் வீட்டிலேயே அடைத்தது. 1971இல் நடைமுறைக்கு வந்த அதன் புதிய அரசியலமைப்பு, மாநிலம் முழுவதும் பள்ளி வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசப் பொதுப் பள்ளி அமைப்பை ஏற்படுத்தும் பொறுப்பைச் சட்டமன்றத்தின் மேல் நேரடியாக வைத்தது. ஒரு கவுண்டி வரி போட மறுத்தது என்று சொல்லி மாநிலம் இனி ஒதுங்க முடியாது.